கண்ணீர் அஞ்சலிக்கு விழுந்த கைதட்டு

சாக்ஸு! டேய் சாக்ஸு அண்ணா!

சாக்சபோன்ல சொருகற ரீடுங்கற சின்னப் பட்டைய வாயில ஊற வெச்சிக்கிட்டு இருக்கறப்ப கூப்ட்டா, "ம்ம்"னு மூக்காலயே ஒரு பதிலு வரும். இப்ப அதுகூட வரல. சாக்ஸுங்கறது உன் நெஜப் பேரு இல்ல, தெரியும். அது தெருவுல வெச்ச பேரு. அம்மாவே கோவம் வந்தாத்தான் நெஜப் பேர சொல்லும். நீ போனப்பறம் ஒண்ணு நடந்துபோச்சி அண்ணா. அத உன்கிட்டதான் முதல்ல சொல்லணும். ஆனா நீ இல்லாததாலதான அது நடந்துச்சி. அதனால எல்லாருக்கும் சொல்றேன். நீயும் கேட்டுக்க.

நாங்க பாண்டில முத்தியால்பேட்டை. அப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே போய்ட்டாரு. அம்மா ஒரு லாட்ஜுல ரூம் கூட்டுது. நான் ஒம்பதாவதோட நின்னுட்டேன், தட்டாஞ்சாவடில ஒரு சோப்பு கம்பெனில பேக்கிங் வேல. அண்ணன் பேண்டு செட்டுல சாக்சபோன். கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம், சாவு ஊர்வலம் எல்லாத்துக்கும் போவும். சனி ஞாயிறு சாயங்காலம் பீச் பக்கம் ஒரு ஓட்டல்ல வாசிக்கும். அங்க சாப்பிடறவங்களுக்கு இடைஞ்சல் இல்லாம வாசிக்கணும்னு சொல்லி வெச்சிருப்பாங்க. "காத்துக்கு வலிக்காம ஊதிட்டு வரேன்"னு சொல்லிட்டுக் கிளம்பும்.

ஆனா அதோட மனசுல இருந்தது ஜாஸ். எங்கேர்ந்து அது புடிச்சிச்சின்னு எனக்குத் தெரியாது. போன்லதான் கேட்டுக் கேட்டு கத்துக்கிச்சி. அம்மா ஒருவாட்டி கொஞ்ச நேரம் பொறுமையா உக்காந்து கேட்டுட்டு, "பல்லவி எப்படா வரும்?"னு கேட்டுச்சி.

"முதல்லயே வந்துருச்சேம்மா."

"அப்ப இது இன்னா?"

"இப்ப ஊர் சுத்தறோம். சுத்திட்டு கடைசில வூட்டுக்கு வந்துருவோம். அப்ப மறுபடி பல்லவி வரும்."

"சோறு வடிக்கறதுக்குள்ள வந்துருவியா?"

இப்டித்தான் எங்க வூட்ல ஜாஸப் பத்திப் பேச்சி நடக்கும்.

அண்ணனோட சேந்து வாசிச்சவரு ஒருத்தருதான். பிள்ளைச்சாவடில மீன் புடிக்கற வூட்டுப் புள்ள, டிரம்ஸ் அடிப்பாரு. காத்தால கடலுக்குப் போய்ட்டு வந்து, சாப்ட்டு, தூங்கி எந்திரிச்சி அடிக்க உக்காருவாரு. நான் அவர டிரம்ஸ் அண்ணன்னுதான் கூப்டுவேன். இந்த ரெண்டு பேரும்தான் ஆல்பம் போட்டாங்க. ஸ்டுடியோவுக்கு எங்க போறது? டிரம்ஸ் அண்ணன் வூட்டுப் பின்னால வலை போட்டு வெக்கற ரூமு ஒண்ணு இருக்கு. நாலு செவுத்துக்கும் வலைய மலையாட்டம் குவிச்சி வெச்சிருப்பாங்க. அங்க கத்துனா சத்தம் எதிரொலிக்கவே எதிரொலிக்காது, வலை முழுங்கிடும். அண்ணன் அதக் கண்டுபுடிச்சிட்டு குதிச்ச குதி இருக்கே. மைக்க வலை மேலயே சொருகி வெச்சி ரெக்கார்டு பண்ணுச்சிங்க. வந்தா சட்டையெல்லாம் மீன் நாத்தம். "உலகத்துலயே கவுச்சி அடிக்கற ஜாஸ் எங்குளுதுதான்"னு சொல்லும்.

அதுல ஒரு டியூன் எங்க கம்பெனி மிஷினு. நெஜமாத்தான். ஒருநாள் என்னக் கூப்ட வந்துட்டு கேட்டாண்ட நின்னப்ப, உள்ள அட்டப்பெட்டி ஒட்டற மிஷினு டக்கு, டக்குடக்கு, டக்குன்னு அடிக்கறதக் கேட்டுட்டு போன்ல புடிச்சிக்கிச்சி. அந்தத் தாளத்துலயே ஒரு டியூன் போட்டுச்சி. ஆல்பத்துக்குப் பேரே "ரெண்டாவது ஷிப்டு". எனக்கு அந்த மிஷின் சத்தம் கேட்டாலே தலவலி வரும். அத போய் ஊதறியேன்னு திட்டுனேன். "உனக்குத் தலவலி, எனக்கு தாளம்"னுச்சி.

பாட்டு கம்பெனி எதுவும் இதையெல்லாம் வாங்கி வெளியிடாது. பாட்டுப் பாடறவங்க எங்கன்னு கேப்பாங்க. அதனால இந்த மாதிரி வாசிக்கறவங்க உலகம் பூரா அவங்களே ரெக்கார்டு பண்ணி அவங்களே ஒரு சைட்டுல போட்டுக்கறாங்க. வெள்ளிக்கிழமை ஆச்சின்னா அதுல புதுசு புதுசா வரும். அம்மா வெள்ளிக்கிழமை வெளக்கேத்தும். அண்ணன் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துரும். யாராரு புது ஆல்பம் விட்டாங்கன்னு பாத்து, கேட்டு, அவங்களுக்கு ரெண்டு வார்த்த எழுதிப் போடும். அவங்களும் இதுக்கு எழுதுவாங்க. அப்டியே பழக்கம் ஆயிடுச்சி. எங்கிட்ட சொல்றப்ப எல்லாம் சொந்தக்காரங்களப் பத்தி சொல்றாப்பலதான் சொல்லும்.

"போலந்து அக்கா புதுசு விட்டிருக்கு பாப்பா. டிரம்பெட்டு. பகல்ல பஸ் ஓட்டுது அது."

"பொம்பளயா? பஸ்ஸா?"

"ஆமா. ஜப்பான் பெரியவரு ஒருத்தரு இருக்காரு, பல் டாக்டரு. பேஷண்டு போனப்பறம் கிளினிக்லயே ரெக்கார்டு பண்றாரு. நடுவுல அந்த ட்ரில்லு சத்தமே வருது, கேளு."

கேட்டேன். எனக்குப் பல்லு கூசிச்சி. ஆனா அண்ணன் சொன்னதால எனக்கும் அவங்க சொந்தக்காரங்க ஆயிட்டாங்க. போலந்து அக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னா அது நல்லாச்சான்னு நானே கேப்பேன்.

அப்புறம் அண்ணனுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சி. முதல்ல கீழாநெல்லி குடுத்தோம். கண்ணு ரொம்ப மஞ்சளாவவும் பெரிய ஆஸ்பத்திரில சேத்தோம். அங்க பாக்க வந்தவங்கள்ல பாதிப்பேரு, "பாண்டில ஓட்டல்ல வாசிக்கறவன் குடிக்காம இருந்திருப்பானா?"ன்னு என் காது கேக்கவே பேசிக்கிட்டாங்க. எங்க அண்ணன் தொட்டதே இல்ல. டாக்டருங்களுக்குத் தெரியும். ஆனா பேசறவங்க வாய நான் எங்க போய் மூடறது.

ஆல்பம் வார்டுலேர்ந்துதான் வெளிய வந்துச்சி. ஒரு கையில டிரிப்ஸு, இன்னொரு கை வீங்கிப்போய் போன்ல வெரலு படல. எங்கிட்ட போன நீட்டிச்சி.

"நீயே அமுக்கு பாப்பா. அந்தப் பச்சையா இருக்கு பாரு, அது."

"அமுக்குனா இன்னா ஆவும்?"

"உலகத்துக்கே கேக்கும்."

"நர்சுக்குக் கேட்டுச்சின்னா திட்டும், பரவால்லியா?"

சிரிச்சிச்சி. சிரிச்சா வயிறு வலிக்குதுன்னு வயித்தப் புடிச்சிக்கிட்டே சிரிச்சிச்சி. நான் அமுக்குனேன். கொஞ்ச நேரத்துல முதல் ஆளா போலந்து அக்கா வாங்குச்சி. அன்னிக்கு அண்ணன் மொகத்தப் பாக்கணுமே. மஞ்ச மொகந்தான், ஆனா மாப்ள மொகமாட்டம் இருந்துச்சி.

அதுக்கப்பறம் நெனவு தப்பிருச்சி. நான் காலாண்ட உக்காந்து கால தேச்சிக்கிட்டே இருந்தேன். சில்லுன்னு ஆவுது. தேய்க்கறேன், தேய்க்கறேன், சூடே ஏறல. டாக்டரு வந்து என் கைய எடுத்துவிட்டாரு. அவ்ளோதான்.

தூக்கறப்ப பேண்டு செட்டுக்காரங்க எல்லாரும் வந்து வாசிச்சாங்க. சித்தப்பா கொள்ளி வெச்சாரு. அதெல்லாம் எனக்கு சரியா நெனவுல இல்ல. மறுநாள் அம்மா கேட்டது மட்டும் நெனவு இருக்கு.

"எல்லாருக்கும் சாவு சொல்லியாச்சாடி?"

எங்க பக்கம் சாவு சொல்லலன்னா அது பெரிய குத்தம். வருசக்கணக்கா பேச்சுவார்த்த இல்லாத சொந்தமா இருந்தாக்கூட ஆளனுப்பி சொல்லிடணும். சொல்லாம உட்டா, "எங்கள மனுசனா மதிச்சியா?"ன்னு காலத்துக்கும் கேப்பாங்க. விழுப்புரம், திண்டிவனம், கடலூரு எல்லாத்துக்கும் சொல்லியாச்சி. அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சி. போலந்து அக்காவுக்கு யாரு சொல்றது? ஜப்பான் பெரியவருக்கு? மத்தவங்களுக்கு?

எனக்கு இங்கிலீஷு எங்க கம்பெனி அட்டப்பெட்டி மேல இருக்கறத எழுத்துக்கூட்டிப் படிக்கற அளவுக்குத்தான். டிரம்ஸ் அண்ணனுக்கு அதுவும் இல்ல. அவருதான் சொன்னாரு, "பாப்பா, நம்ம கண்ணீர் அஞ்சலி பேனரு இருக்குல்ல, அத அப்டியே அவன் ஆல்பம் போட்ட பேஜ்ல போட்டுடு. பாத்தா புரிஞ்சிடப் போவுது. சாவுக்கு இன்னா பாஷ?"

அது சரின்னு பட்டுச்சி எனக்கு. யாரா இருந்தாலும் அத பாத்தா தெரியும்ல, ஆளு செத்துட்டாருன்னு?

பேனரு டிரம்ஸ் அண்ணனும் பேண்டு செட்டுக்காரங்களும் சேந்து அடிச்சது. டிசைன்காரரு அண்ணனுக்குத் தெரிஞ்சவரு, மனசார பண்ணாரு. ஓட்டல் மாடில கூலிங் கிளாஸு போட்டுக்கிட்டு சாக்சபோனோட அண்ணன் நிக்கற போட்டோ. பின்னால நீல வானம், மேகம், ஒளிக்கத்த. ரெண்டு பக்கமும் புறா. மேல ரெண்டு மூலைலயும் பெரிய பெரிய கண்ணு, அதுலேர்ந்து சொட்டுச் சொட்டா தண்ணி. சாக்சபோன் வாயிலேர்ந்து இசைக்குறிங்க பறந்து போற மாதிரி அவரே சேத்தாரு. கீழ காரியத் தேதி, நேரம், எங்க தெரு விலாசம். நாளு நேரம் அவங்களுக்கும் புரியட்டும்னு எண்ணெல்லாம் பெருசா போடச் சொன்னேன். தெரு பேரக்கூட இங்கிலீஷ்ல சின்னதா போட வெச்சேன்.

அண்ணன் போன்லேர்ந்து பேஜ்ல போட்டேன்.

போட்டதும் முதல்ல வந்தது நெருப்பு. படம் படமா நெருப்பு. டிரம்ஸ் அண்ணன் அத பாத்துட்டு மொகத்த மூடிக்கிட்டாரு. "பாத்தியா பாப்பா, எரிச்சது வரைக்கும் தெரிஞ்சிக்கிட்டாங்க"ன்னாரு. அப்புறம் கும்புடற கை. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. அப்புறம் ஹார்ட்டு. கைதட்டற கையும் வந்துச்சி. அது மட்டும் எனக்கு ஒருமாதிரி இருந்துச்சி. டிரம்ஸ் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"அவங்க ஊர்ல வாசிக்கறவன அனுப்பறப்ப தட்டித்தான் அனுப்புவாங்களா இருக்கும்"னாரு. நம்ம ஊர்ல பட்டாசு வெடிக்கல? அப்டி நெனச்சிக்கிட்டேன்.

நடுவுல இங்கிலீஷ்லயும் எழுதியிருந்தாங்க. "வெயிட்டிங்"குனு ஒரு வார்த்த மட்டும் என்னால படிக்க முடிஞ்சிச்சி. எதுக்கு வெயிட்டிங்குன்னு புரியல. மேல போய் பாத்துக்குவோம்னு சொல்றாங்களோ என்னவோன்னு உட்டுட்டேன். தெருவுல இங்கிலீஷ் படிச்சவங்க இல்லாம இல்ல. கேக்கணும்னே தோணல. கும்புடற கைக்கு மேல இன்னா வேணும்?

அம்மாகிட்ட காட்டுனேன். அதுவரைக்கும் அம்மா சோறு தண்ணி இல்லாம செவுத்தப் பாத்துக்கிட்டு கெடந்துச்சி. போன கையில வாங்கி, வெரலால மெதுவா தள்ளித் தள்ளிப் பாத்துச்சி.

"இவ்ளோ பேருமா?"

"ஆமாம்மா. எந்தெந்த தேசத்துலேர்ந்தோ."

"எம்புள்ளைக்காக கும்புடறாங்களா?"

"ஆமாம்மா."

அன்னிக்குத்தான் அம்மா ஒருவாய் சாப்ட்டுச்சி. அதுலேர்ந்து தெனம் சாயங்காலம் போன வாங்கிப் பாக்கும். லாட்ஜுல கூட வேல செய்யறவங்க துக்கம் கேக்க வந்தா அவங்களுக்கும் காட்டும். "எம்புள்ள கேட்பாரு இல்லாம போவல, பாருங்க. உலகமே வேண்டிக்கிது"ன்னு சொல்லும். அந்த ஒண்ணுலதான் எங்க அம்மா உசுரு நின்னுக்கிட்டு இருந்துச்சி. எனக்குத் தெரியும்.

காரியத்தன்னிக்கு, கரையில எல்லாம் முடிச்சிட்டு வூட்டுக்கு வந்து, தெருவுல ஷாமியானா போட்டு சாப்பாட்டுக்கு ரெடி பண்ணிக்கிட்டு இருந்தோம். அப்ப ஒரு வாடக ஸ்கூட்டர்ல ஒரு வெள்ளக்காரப் பொண்ணும் தாடி வெச்ச ஒருத்தரும் வந்து எறங்குனாங்க. போன்ல எங்க பேனர வெச்சிக்கிட்டு விலாசம் பாத்துப் பாத்து வந்திருக்காங்க. எனக்கு நெஞ்சே நெறஞ்சி போச்சி. அண்ணனுக்காக எவ்ளோ தூரம்! தாடிக்காரரு கையில நீளமா ஒயின் பாட்டிலு, ரிப்பன் கட்டி.

சித்தப்பாதான் முதல்ல பாத்தாரு. "யோவ், காரியத்துக்கு சரக்கு நாமதான் ஏற்பாடு பண்ணணும்னு பாத்தா, வெளிநாட்லேர்ந்தே வருது பாருய்யா!" பந்தல்ல நாலு பேரு சிரிச்சாங்க. "சும்மா இருங்க, அவங்க ஊரு மொற அது"ன்னு நான் அடக்குனேன்.

ரெண்டு பேரும் முன் வரிசைல உக்காந்தாங்க. சிரிச்ச மொகமா எல்லாரையும் பாத்தாங்க. எதையோ தேடறாப்பல எட்டி எட்டிப் பாத்தாங்க. ஸ்டேஜத் தேடறாங்கன்னு எனக்கு அப்ப புரியல.

அம்மா போய் கும்புட்டுச்சி. அந்தப் பொண்ணும் சிரிச்சிக்கிட்டே கும்புட்டுச்சி. அம்மா அதோட ரெண்டு கையயும் புடிச்சிக்கிட்டு, அது மேல நெத்திய வெச்சி அழுதுச்சி. அந்தப் பொண்ணுக்கு சிரிப்பு ஒடனே போவல. மெல்ல மெல்லப் போச்சி. தாடிக்காரர திரும்பிப் பாத்துச்சி. அவரு போன்ல ஏதோ பேசி, எங்க பக்கமா நீட்டுனாரு. போன்லேர்ந்து ஒரு பொம்பளக் கொரலு, சுத்தமான தமிழ்ல கேட்டுச்சி:

"கச்சேரி இன்னும் தொடங்கவில்லையா?"

எல போட்டுக்கிட்டு இருந்தவரு கூட நின்னுட்டாரு.

எனக்கு அவரு கேட்டது புரிஞ்சிச்சி, ஆனா ஏன் அப்டிக் கேக்கறாருன்னு புரியல. அந்தப் போன வாங்கி நான் பேசுனேன். "எங்க அண்ணன் செத்துட்டாரு. இன்னிக்குக் காரியம்." போன் அத இங்கிலீஷ்ல சொல்லுச்சி. அவரு கேட்டாரு. திரும்ப ஒருவாட்டி அமுக்கிக் கேட்டாரு. உள்ள மால போட்ட போட்டோவ நான் கையக் காட்டுனேன். அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிச்சி.

அப்புறம் அது எனக்குப் புரிய வெக்கணும்னு அதோட போன எடுத்து, எங்க பேனரு கீழ எழுதியிருந்தது ஒவ்வொண்ணா அமுக்குச்சி. நல்ல எண்ணத்துலதான் அமுக்குச்சி. அந்தப் போன் பொம்பள சந்தோசமா படிச்சிச்சி.

"வாழ்த்துக்கள். அட்டைப்படம் மிகவும் அழகு."

"இரண்டாவது ஆல்பம் இவ்வளவு சீக்கிரமா? அருமை."

ஜப்பான் பெரியவரு எழுதுனதையும் படிச்சிச்சி. "மூலையில் அழும் கண்கள் மிகவும் புதுமையான யோசனை." போலந்து அக்கா எழுதுனது: "அந்தத் தேதியில் நேரலையில் பார்க்க முடியுமா? நாங்கள் காத்திருக்கிறோம்."

நெருப்புன்னா அவங்களுக்கு பிரமாதம்னு அர்த்தமாம். கும்புடற கைன்னா நன்றியாம்.

அம்மா பக்கத்துலயே நிக்குது. சத்தத்தக் கொறைக்கணும்னு பாத்தேன், அது வேற மாதிரிப் போனு, எங்க அமுக்கறதுன்னு தெரியல. என் கை போய்ப் போய் சும்மா வருது. அது படிச்சிக்கிட்டே இருக்கு. வாழ்த்துக்கள். வாழ்த்துக்கள்.

"எதுக்குடி வாழ்த்து?"

நான் அந்தப் போனப் புடுங்கி துப்பட்டால சுத்தி அமுக்குனேன்.

"எதுக்குடி இவங்க எம்புள்ளைக்கு வாழ்த்து சொல்றாங்க? கும்புடறாங்கன்னு சொன்னியே?"

டிரம்ஸ் அண்ணன் எந்திரிச்சி ஷாமியானாவுக்கு வெளிய போய் வெயில்ல நின்னுக்கிட்டாரு.

அவங்க ரெண்டு பேரும் பந்தில உக்காந்து சாப்ட்டாங்க. போயிட்றோம்னுதான் கெளம்புனாங்க, அம்மாதான், "காரியத்துக்கு வந்தவங்க கை நனைக்காமப் போவக்கூடாது, உக்கார சொல்லுடி"ன்னுச்சி. தாடிக்காரரு அழுதுக்கிட்டே சாப்ட்டாரு. பாட்டில அந்தப் பொண்ணு எப்பவோ பையில ஒளிச்சி வெச்சிடுச்சி. சித்தப்பா அதப் பத்தி அப்புறம் வாயே தொறக்கல.

போவறதுக்கு முன்னால அந்தப் பொண்ணு அண்ணன் போன்லயே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துச்சி. அண்ணன் எறந்துட்டாரு, அந்தப் படம் எறந்தவங்களுக்கு எங்க ஊர்ல வெக்கற பேனரு, அப்டின்னு. எனக்கு தமிழ்ல படிச்சிக் காட்டி, சரியான்னு கேட்டுச்சி. சரின்னேன். போட்டுச்சி.

இதோட சரியாயிடும்னுதான் நெனச்சேன். ஆவல. கருப்பா எழுத்து மட்டும் இருக்கற அத கொஞ்ச பேருதான் பாத்தாங்க போல. சில பேரு ஏதோ எழுதுனாங்க. ஆனா அந்தப் பேனரு ரொம்ப அழகா இருக்குன்னு ஒருத்தருகிட்டேர்ந்து ஒருத்தரு எடுத்து எங்கெங்கயோ போட்டுட்டாங்க. யாருன்னே தெரியாத பேஜ்ல எல்லாம் எங்க அண்ணன் புறா நடுவுல நிக்குது. அதுக்குக் கீழ கைதட்டு. அத போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் எப்டி சொல்லுவேன்? பேனர எடுத்துட்டேன். எடுத்தாலும் அவங்ககிட்ட இருக்கறது போவல. போலந்து அக்கா அந்த எழுத்தப் பாத்துச்சா இல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அதுகிட்டேர்ந்து ஒண்ணும் வரல. ஒருவேள துக்கத்துல பேசாம இருக்குதோ, இல்ல இன்னும் ரெண்டாவது ஆல்பத்துக்குக் காத்துக்கிட்டு இருக்குதோ.

ஆல்பத்த இப்ப முன்னவிட நெறையப் பேரு கேக்கறாங்க. அண்ணன் ஆசப்பட்டது அதான். அது நடக்குது, அண்ணன் இல்ல. சந்தோசப்படவா, அழவான்னு எனக்குத் தெரியல. வேலைக்குப் போறேன், வரேன்.

அம்மா சாயங்காலத்துல போன் கேக்கறதில்ல இப்ப. மறுபடி செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருது. போன வாரம் மட்டும் ஒருவாட்டி வாய் தொறந்து கேட்டுச்சி. "அவ்ளோ பேருல ஒருத்தராவது நெஜமா வேண்டிக்கினாங்களாடி?" இருக்காங்கம்மான்னு சொன்னேன். என் மொகத்தப் பாத்துட்டு திரும்பிப் படுத்துக்கிச்சி. நம்பல.

எனக்கு இங்கிலீஷு வராது. உலகத்துக்கு சொல்லிப் பாத்தேன், முடியல. என்னால தமிழ்ல கேக்க முடியும். அதனால இதப் படிக்கற உங்க எல்லாரையும் கேக்கறேன். நீங்க கோயிலுக்குப் போறவங்களோ, சர்ச்சுக்கோ, மசூதிக்கோ, எங்கயும் போவாதவங்களோ, எனக்கு அது முக்கியம் இல்ல. எங்க அண்ணன் நல்லபடியா போய் சேரணும்னு ஒரு நிமிசம் வேண்டிக்குங்க. அடுத்தவாட்டி அம்மா கேட்டா, ஆமாம்மா, வேண்டிக்கினாங்கன்னு நான் அது மொகத்தப் பாத்து சொல்லணும்.